சத்து மாத்திரை கேட்டு வருகிறவர்கள்

எங்கள் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் அதிகம் விற்பது காய்ச்சல் மாத்திரை. அதற்கு அடுத்தது சத்து மாத்திரை. "யக்கா, உடம்பெல்லாம் அசதியா இருக்கு, சத்து மாத்திரை ஒரு அட்டை குடு" என்று யாராவது தினமும் வந்து நிற்பார்கள். என்ன சத்து வேண்டும் என்று கேட்டால் சிரிப்பார்கள். "அதான் நீ படிச்சிருக்கியே, பாத்துக் குடு."

கடை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கிறது. மாமனார் ஆரம்பித்தது. நான் டி.ஃபார்ம் படித்தவள் என்பதால் கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே மருந்து அலமாரி என் கைக்கு வந்துவிட்டது. கல்லாப்பெட்டி மட்டும் இன்னமும் அவர் கையில். இத்தனை வருஷம் கவுன்டருக்குப் பின்னால் நின்றதில் எனக்குப் பட்ட ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். வைட்டமின் வாங்க வருகிறவர்களில் பலருக்கு அந்த வைட்டமினில் குறையே இருக்காது. நிஜமாகவே குறை இருக்கிறவர்கள் வேறு எதையாவது கேட்டு வருவார்கள்: வலிக்குத் தைலம், காலுக்கு ஆயின்ட்மென்ட், தூக்கத்துக்கு மாத்திரை.

முதலில் வாங்குகிறவர்கள். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டதும் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். சிலர் பயந்து ஓடி வருவார்கள், மஞ்சள் காமாலையோ என்று. பலர் சந்தோஷப்படுவார்கள், மாத்திரை வேலை செய்கிறதாம். அந்த மஞ்சள் பி2, அதாவது ரைபோஃப்ளேவின். உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளுகிறது. பி வகைகளும் சியும் தண்ணீரில் கரைகிறவை, மிகுந்தால் பெரும்பாலும் இப்படிப் போய்விடும். காசு போனதே தவிர பெரிய கேடு இல்லை. ஆனால் இதிலும் விதிவிலக்கு உண்டு: பி6-ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் விழுங்கினால் நரம்பே கெடும். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைகிறவை. அவற்றில் ஏவும் டியும் உடம்பில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். இதைச் சொன்னால் "சத்துதானேக்கா, கூடினா என்ன?" என்பார்கள்.

சரி, அடுத்த கூட்டத்துக்கு வருவோம்.

கோயில் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. சர்க்கரைக்குப் பல வருஷமாக மெட்ஃபார்மின். காலையில் வெறும் வயிற்றில் ஒரு 'கேஸ் மாத்திரை'. அதை யார் எப்போது எழுதிக்கொடுத்தார்கள் என்று அவருக்கே நினைவில்லை, தீரத் தீர வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் வந்து, "உள்ளங்கால் ராத்திரியில எரியுதும்மா, தடவ ஏதாச்சும் குடு" என்றார். செருப்பு கழன்றுபோனதுகூடத் தெரிவதில்லை, வெறுங்காலோடு நாலு அடி நடந்த பிறகுதான் தெரிகிறது என்றும் சொன்னார். சர்க்கரையால்தான் என்று அவரே முடிவு கட்டியிருந்தார். இருக்கலாம். ஆனால் சைவம், மெட்ஃபார்மின், கேஸ் மாத்திரை மூன்றும் ஒருவரிடமே இருந்தால் மருந்தாளுநருக்கு முதலில் தோன்ற வேண்டியது பி12. ஆயின்ட்மென்ட் கொடுக்காமல், டாக்டரிடம் போய் அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை கேளுங்கள் என்று அனுப்பினேன். ரொம்பவும் குறைந்திருந்தது. ஊசி போட்டார்கள். எரிச்சல் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தது. மரத்துப்போனது மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. நரம்பு ரொம்ப நாள் பட்டினி கிடந்துவிட்டால் அப்படித்தான்.

பி12 நமக்குத் தேவைப்படுவது துளியூண்டு, ஒரு நாளைக்கு 2 மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். அவ்வளவு சின்ன அளவுக்கு உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு பெரியது. வயிற்று அமிலம் அதை உணவின் புரதத்திலிருந்து பிரித்துவிட வேண்டும். பிறகு இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதி வரைக்கும் போக வேண்டும், அங்கேதான் குடல் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைக்கிறது. மெட்ஃபார்மின் குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. இதற்கெல்லாம் முன்னால் அது சாப்பாட்டில் இருக்க வேண்டுமே! மீன், ஈரல், கறி, முட்டை, பால் என்று விலங்கு வழி வருகிறவற்றில்தான் இருக்கிறது. டீச்சர் குடித்தது நாளைக்கு இரண்டு காபி, அதிலும் பால் காபி நிறம் மாறுகிற அளவுக்கு. ஈரலில் இருக்கும் சேமிப்பு சில வருஷங்களுக்குத் தாங்கும் என்பதால் குறை சத்தமில்லாமல் வளர்கிறது. இன்று சாப்பாட்டை மாற்றினால் நாளைக்கே தெரிகிற கணக்கு இல்லை இது. சர்க்கரை மாத்திரையையோ கேஸ் மாத்திரையையோ இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். பரிசோதனை கேளுங்கள், போதும்.

"தினமும் கீரை சாப்பிடறேனே?" என்பது டீச்சரின் ஆதங்கம். கீரையில் இருப்பது ஃபோலேட், அதாவது பி9. இரண்டும் சேர்ந்து ரத்த அணுக்களுக்கு வேலை பார்ப்பதால் ஒன்றின் குறையை இன்னொன்று மறைக்கும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் அதிகமாகப் போட்டால் ரத்தசோகை சரியானதுபோல ரிப்போர்ட் வரும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். ஃபோலேட்டின் கதை நம் நாட்டில் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பம்பாய்க்கு வந்து, துணி மில் தொழிலாளிப் பெண்களில் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள். அதில் என்ன இருந்தது என்று அப்போது அவருக்குத் தெரியாது, பிறகுதான் அது ஃபோலேட் என்று தெரிந்தது. இன்று நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரைக்கு அது முன்கதை. குழந்தையின் முதுகுத்தண்டு நரம்புக்குழாய் கரு உருவாகி நாலு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய்ப் பரிசோதனை செய்து தெரிந்துகொள்வதற்குள் அந்தக் கட்டம் கிட்டத்தட்ட முடிந்திருக்கும். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டு ஆரம்பிக்க வேண்டும் என்பது அதனால்தான்.

பழைய சோற்றில் பி12 கொட்டிக்கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததை டீச்சர் எனக்கும் அனுப்பியிருந்தார். பழைய சோறு நல்ல சாப்பாடு, எனக்கும் சின்ன வெங்காயத்தோடு இறங்கும். ஆனால் பி12-க்கு அதை நம்பி உட்காரக் கூடாது. இட்லி மாவுக்கும் இதே பதில்.

எங்கள் வீட்டில் மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தேவனாம்பட்டினத்திலிருந்து கூடையோடு வரும் ஆயா ஒருத்தி கடை வாசலில் இறக்கிவைத்துவிட்டு முட்டிவலித் தைலம் வாங்குவாள். கூடையில் மத்தி இருந்தால் எங்கள் தெருவில் பாதிப்பேர் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "மத்தியா? வீடே நாறும்." வஞ்சிரம்தான் மரியாதைப்பட்ட மீன். உண்மையில் விலை குறைந்த மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும்தான் எண்ணெய்ச் சத்து அதிகம். அதோடு வைட்டமின் டியும் வரும். நூறு கிராம் மத்தி சாப்பிட்டால் அன்றைய பி12 தேவைக்கு மேலேயே கிடைத்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்போது ஃபைபர் படகில் போய்ப் பிடித்து வருவதுதான். வரத்து குறையும், விலை ஏறும், ஆயாவும் பேச்சைக் குறைத்துக்கொள்வாள்.

டி என்றதும் எல்லாருக்கும் வெயில் நினைவு வரும். கடலூரில் வெயிலுக்கு என்ன பஞ்சம்? சில்வர் பீச்சில் காலை ஆறு மணிக்குக் கூட்டமாக நடக்கிறவர்கள் "இளவெயில்ல டி வைட்டமின் கிடைக்குது" என்று நம்புகிறார்கள். நடப்பது நல்லது, நெஞ்சுக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் தோலில் டியை உண்டாக்குவது யு.வி.பி என்ற புற ஊதாக் கதிர், சூரியன் சாய்வாக இருக்கும்போது அதில் பெரும்பகுதி காற்றுமண்டலத்திலேயே நின்றுவிடும். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் கணக்கு, அதாவது ஏறக்குறைய பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை. ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை விடாது. கறுத்த தோலுக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். நம் ஊரில் அந்த நேரத்தில் வெளியே நிற்கிறவர்கள் யார்? மீன் ஆயா, கட்டட வேலைக்காரர்கள், நாற்று நடுகிறவர்கள். நிற்காதவர்கள் யார் என்று பாருங்கள். லாரன்ஸ் ரோடு பக்கம் ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் விடிந்ததும் உள்ளே போனால் ராத்திரிதான் வெளியே வருகிறார்கள். இடுப்பு வலி, கணுக்கால் வலி என்று வலி மாத்திரை கேட்டு வருவது அவர்கள்தான். நாளெல்லாம் நின்றுகொண்டே இருப்பதால் வலிப்பது ஒரு பக்கம். டி குறைந்து எலும்பும் தசையும் வலிப்பது இன்னொரு பக்கம். இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, பரிசோதனையால் முடியும். அந்தப் பரிசோதனைக்கு ஆகும் காசைக் கேட்டால் அவர்கள் வலி மாத்திரையோடு போய்விடுகிறார்கள். நான் என்ன செய்ய?

டி குறைவு என்று தெரிந்த பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. பாலில் கலந்து குடிக்கச் சொல்லி எழுதும் அந்தச் சின்னப் பாக்கெட்டில் இருப்பது 60,000 யூனிட். ஒரு நாளைக்கு வேண்டியது 600. அதனால்தான் வாரத்துக்கு ஒன்று என்று எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் வெளியூரில் வாங்கி வந்த பாக்கெட்டைப் பெரியவர் ஒருவர் தினமும் ஒன்று குடித்திருக்கிறார், சத்துதானே என்று. சில வாரத்தில் வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், பேச்சில் தடுமாற்றம். ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் வரை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தார். நான் இப்போது ஒவ்வொரு பாக்கெட்டிலும் மார்க்கரால் 'ஞாயிறு மட்டும்' என்று எழுதித்தான் தருகிறேன். மாமனாருக்கு இது அதிகப்பிரசங்கித்தனம். இருக்கட்டும்.

வைட்டமின் சி பற்றி எழுத வேண்டுமென்றால் நான் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். பண்ருட்டிக்கும் மேற்கே, காடாம்புலியூர் பக்கம், செம்மண் பூமி. பலாவும் முந்திரியும்தான் அங்கே சொத்து. 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' என்று பெயரிட்ட புயலில் கொல்லையே படுத்துவிட்டது, வேரோடு சாய்ந்த மரங்களுக்கு நடுவே அப்பா எதுவும் பேசாமல் நடந்துகொண்டிருந்தார். பிறகு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ஒட்டுக்கன்று வைத்து, அது காய்த்து, இப்போது மறுபடி கொல்லை கொல்லையாகத் தெரிகிறது. பங்குனி சித்திரையில் போனால் மரத்தடியெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக முந்திரிப்பழம் விழுந்து கிடக்கும். பெண்கள் குனிந்து பொறுக்கி, கொட்டையைத் திருகிக் கூடையில் போட்டுக்கொண்டு பழத்தை அங்கேயே எறிந்துவிடுவார்கள். மறுநாள் ஈ மொய்க்கும். அதற்கடுத்த நாள் புளித்த வாடை ரோடு வரைக்கும் வரும்.

அந்த எறிகிற பழத்தில் ஆரஞ்சைப் போலப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது பெண்ணுக்கு 65 மில்லிகிராம், ஆணுக்கு 80. ஒரு நல்ல முந்திரிப்பழமே அதைக் கொடுத்துவிடும். நகரத்திலிருந்து வருகிறவர்கள் பருப்பைக் கிலோ கணக்கில் வாங்கிப் போகிறார்கள்; கடையில் ஆரஞ்சுச் சுவை போட்ட சி மாத்திரையைச் சப்பச் சொல்லிப் பிள்ளைக்கு வாங்குகிறார்கள். பழத்தை யாரும் கேட்பதில்லை. காரணம் இல்லாமல் இல்லை. கடித்தால் தொண்டை கமறும், அதிலிருக்கும் டானின் அப்படி. சட்டையில் சாறு பட்டால் கறை போகாது. சின்ன வயதில் அதற்காக வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. பறித்த அன்றே கன்றிப்போகும், லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்ப முடியாது. நாங்கள் துண்டு போட்டு உப்பில் ஊறவைத்து, மிளகாய்த்தூள் தூவிச் சாப்பிடுவோம், கமறல் பாதியாகக் குறையும். கோவாவில் இதைக் காய்ச்சிச் சாராயம் ஆக்கினார்கள், பிரேசிலில் சாறாக்கி விற்கிறார்கள். நாம் கொட்டைக்கு மட்டும் கணக்கு வைத்திருக்கிறோம். எனக்கு இது ஒவ்வொரு வருஷமும் வயிற்றெரிச்சல்.

முந்திரிப்பழம் கிடைக்காதவர்களுக்குக் கொய்யா இருக்கிறது. நூறு கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் சி, அதுவும் பச்சையாகவே சாப்பிடுகிற பழம். சி சூட்டுக்கும் தண்ணீருக்கும் தாங்காது என்பதால் பச்சையாகச் சாப்பிடுவது பெரிய விஷயம். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர், சி குறைந்து ஈறு வீங்கி ரத்தம் கசிந்து கிடந்த மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இரண்டு பேர்தான் சீக்கிரம் எழுந்தார்கள். பேருந்து நிலையத்தில் கொய்யாவை நாலாகக் கீறி உப்பு மிளகாய்த்தூள் வைத்துக் கொடுக்கும் தள்ளுவண்டிக்காரருக்கு லிண்டைத் தெரியாது, ஆனால் எங்கள் சி மாத்திரை வியாபாரத்துக்கு அவர்தான் நேர் எதிரி.

ஒரு பக்கம் பழத்தை எறிகிறோம் என்றால் இன்னொரு பக்கம் அரிசியை எறிந்தோம். ரேஷன் அரிசியில் செறிவூட்டிய அரிசி கலந்து வர ஆரம்பித்தபோது, எங்கள் தெருவில் முறத்தை எடுத்து வைத்து, நிறம் மாறித் தெரிந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டார்கள். பிளாஸ்டிக் அரிசியாம். தண்ணீரில் மிதக்கிறதாம். அது அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட், பி12 மூன்றையும் பிசைந்து இயந்திரத்தில் அரிசி வடிவத்தில் பிழிந்தெடுத்தது; நூறு மணிக்கு ஒன்று என்று கலந்தார்கள். அதனால் நிறமும் எடையும் கொஞ்சம் மாறித்தான் இருக்கும். பொறுக்கி எறிந்த கையோடு கடைக்கு வந்து ரத்தம் ஊற டானிக் கேட்டவர்களும் உண்டு. அந்த டானிக்கில் இருந்ததும் இரும்பும் ஃபோலிக் ஆசிட்டும் பி12-ம்தான்! எல்லாருக்கும் அந்த அரிசி ஒத்துவரும் என்றும் சொல்ல மாட்டேன். தலசீமியா மாதிரி ரத்த நோய் இருக்கிறவர்கள் இரும்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரிசியும் வைட்டமினும் பழைய பகையாளிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பட்டேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், ஐக்மன் என்ற டச்சு டாக்டர் பெரிபெரி நோய்க்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தார். கால் வலுவிழந்து, நடக்க முடியாமல், நெஞ்சு வீங்கிச் சாகிற நோய். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கும் கால் இழுத்தது. பிறகு தானாகவே சரியாகிவிட்டது. என்னவென்று பார்த்தால், ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத்தான் கோழிக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவச் சோற்றை இந்தக் கோழிகளுக்குப் போட முடியாது என்று சொல்லிவிட்டதால் தீட்டாத அரிசிக்கு மாறியிருக்கிறார்கள், கோழிகள் எழுந்துவிட்டன. தவிட்டோடு போனது பி1. ஐக்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு. பாதிப் பரிசையாவது அந்தச் சமையல்காரருக்குக் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

நம் ஊரில் அந்த நோய் பெரிதாகத் தலைகாட்டாததற்குப் புழுங்கல் அரிசி ஒரு பெரிய காரணம். பழைய சென்னை மாகாணத்தில் பச்சரிசி தின்ற வடக்குக் கடலோரத் தெலுங்குப் பகுதிகளில்தான் பெரிபெரி அதிகம் இருந்தது. அதை அப்போது குன்னூரில் ஆராய்ந்தவர் மெக்காரிசன் என்ற டாக்டர். அவருடைய ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 கொஞ்சம் மணிக்குள் இறங்கிக்கொள்ளும். பிறகு தீட்டினாலும் அது முழுசாகப் போவதில்லை. எங்கள் பாட்டி நெல் அவித்துக் களத்தில் காயவைத்தபோது பி1-ஐ நினைத்திருக்க மாட்டாள், இடிக்கும்போது குருணை விழக்கூடாது என்றுதான் நினைத்திருப்பாள். அரிசியைத் தண்ணீர் தெளிகிற வரை ஏழெட்டுத் தரம் களைந்து, வெந்ததும் கஞ்சியை வடித்துக் கொட்டினால் அதில் பாதி மறுபடி போய்விடும். களைந்த தண்ணீரும் வடிகஞ்சியும் மாட்டுக்குப் போன காலத்தில் மாடாவது நன்றாக இருந்தது.

கீரைக்கு வந்தால் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முருங்கைக் கீரையில் இருக்கும் கரோட்டினை உடம்பு ஏ வைட்டமினாக மாற்றிக்கொள்ள, கூடவே கொஞ்சம் எண்ணெய் வேண்டும். 'டயட்' என்று சொல்லி எண்ணெயே இல்லாமல் கீரையை வேகவைத்துக் குடிப்பவர்களுக்கு அதில் பெரும்பகுதி சும்மா வந்து சும்மா போகிறது. ஒரு கரண்டி நல்லெண்ணெயில் தாளித்து, தேங்காய் துருவிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். மாலைக்கண் என்பது இன்று பிள்ளைகள் கேள்விப்படாத நோயாகிவிட்டதற்கு 1970-லிருந்து அரசு கொடுத்துவரும் ஏ வைட்டமின் திரவமும் ஒரு காரணம். ஒன்பதாம் மாதத்தில் ஒரு லட்சம் யூனிட், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம், ஐந்து வயது வரை. அங்கன்வாடியில் கூப்பிட்டால் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். வீட்டில் யாராவது இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் மட்டும் கீரையில் கவனம்: அதிலிருக்கும் கே வைட்டமின் அந்த மாத்திரைக்கு எதிராக இழுக்கும். கீரையை விட வேண்டியதில்லை, திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது.

ஈ காப்ஸ்யூலைக் குத்தி முகத்தில் தடவுகிறவர்கள் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. வாங்குகிறார்கள், விற்கிறேன்.

இப்போது கடையில் ஓட்டம் பயோட்டினுக்கு, அதாவது பி7-க்கு. முடி கொட்டுகிறதென்று காலேஜ் பிள்ளைகள் முதல் கல்யாணமான பெண்கள் வரை கேட்கிறார்கள். பயோட்டின் குறைவு என்பது சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அபூர்வம். முடி கொட்டுவதற்கு இரும்புக் குறைவோ தைராய்டோ காரணமாக இருப்பதுதான் நான் அதிகம் பார்த்தது. அதைவிட முக்கியமான ஒன்று. அதிக அளவில் பயோட்டின் போட்டுக்கொண்டிருந்தால் சில லேப் முறைகளில் தைராய்டு ரிப்போர்ட்டே தப்பாக வரும். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோப்போனின் பரிசோதனையும் அப்படி மாறலாம். போன வாரம்கூட ஒரு பெண் தைராய்டு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே பயோட்டின் அட்டையைக் கேட்டாள். "ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் போட்டியாம்மா?" என்றேன். "டெய்லி போடறேனேக்கா, அதுல என்ன?" என்றாள். அட்டையை எடுத்து மேசை டிராயரில் வைத்துக்கொண்டேன். டாக்டரிடம் சொல்லிவிட்டு, அவர் சொல்கிற நாள் வரைக்கும் இதை நிறுத்திவிட்டு, மறுபடி ரத்தம் கொடுத்த பிறகு வா என்று அனுப்பினேன். மாமனார் கல்லாவிலிருந்து ஒரு பார்வை பார்த்தார்.